இரட்டைச் செயலிக் கணினியும் பால் ஸ்டோர்த் தராசும்

பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலை அடுத்துள்ளது பைராம் தோட்டம். அங்கிருந்து பத்து காவான் சென்று, 2014-இல் திறக்கப்பெற்ற இரண்டாம் பாலத்தின் வழியே கடலைக் கடந்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை அடையலாம். அமெரிக்காவின் இண்டெல் நிறுவனம் 1972-ஆம் ஆண்டில் தன் முதல் அயல்நாட்டுத் தொழிற்சாலையை நிறுவியது அங்கேதான். கணினியின் மூளையெனத்தக்க செயலிகள் அங்கு உறையிடப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. செயலியின் மேல்மூடியில் மலேசியா என்னும் பெயர் பொறித்திருப்பதைக் கண்டு மகிழும் இளைஞர் நம்மிடையே உளர்.

அவ்விளைஞருள் ஒருவன், ஒன்றுக்கு இரண்டாகச் செயலிகளைப் பூட்டிப் பெருங்கணினி ஒன்றை அமைக்க விரும்புகிறான் என்க. தந்தையின் சேமிப்பு அதில் முடங்கும். ஆகவே முதலில் எழ வேண்டிய கேள்வி, எத்தனை செயலி வேண்டும் என்பதன்று. என்ன வேலை நடைபெற வேண்டும் என்பதே.

இதனை விளக்கப் பால்மரத் தோட்டத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. மரம் வெட்டுவோர் பதின்மராயினும் நூற்றுவராயினும் அவரவர் நிரையில் ஒரே நேரத்தில் வெட்டலாம். ஆனால் பால் ஸ்டோரில் தராசு ஒன்றே, கிராணியும் ஒருவரே. ஆளைப் பெருக்கினால் வெட்டு விரைந்து முடியும், நிறுவை விரையுமா? வாளியைச் சுமந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967-இல் எடுத்துரைத்த கருத்தும் இதுவே. ஒரு கணிப்பு வேலைக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. அதில் ஒரு மணி நேர வேலையைப் பங்கிட இயலாது எனக் கொள்வோம். செயலிகள் இரண்டானால் ஐந்தரை மணியில் முடியும். பதினாறானால் ஒரு மணி 34 நிமிடம். அதையும் இரட்டித்து முப்பத்திரண்டாக்கினால் ஒரு மணி 17 நிமிடம். இரு மடங்கு பொருளைக் கொட்டிப் பெற்ற ஆதாயம் வெறும் 17 நிமிடம்! ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் ஒரு மணிக்குக் கீழே இறங்காது. அசைவுப்படத்தின் காட்சிகளைத் தனித்தனியே தீட்டுவது போன்ற வேலைகள் நன்கு பங்கிடத்தக்கவை. கணினி விளையாட்டுகளோ பெரும்பாலும் அத்தகையன அல்ல. இதைக் கடைக்காரர் வலியச் சொல்லமாட்டார்.

வேலை பங்கிடத்தக்கதே எனத் தெளிந்த பின்னும் இடர்கள் உள. மேசைக் கணினிக்கென விற்கும் சாதாரணச் செயலிகளை இணையாகப் பூட்ட இயலாது. அதற்கென அமைந்த சியோன், எபிக் போன்றவற்றில் ஒத்த வகை இரண்டைத் தேர்ந்து, இரு செயலிக்குரிய தாய்ப்பலகையையும் அது கொள்ளும் பெட்டியையும் வாங்க வேண்டும். விண்டோஸ் 11-இன் இல்லப் பதிப்பு ஒரு செயலியை மட்டுமே ஏற்கும் என்பதையும் மறத்தலாகாது.

நினைவகத்தில்தான் பலர் தவறுவர். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி நினைவகம் உண்டு. ஒன்றன் பக்கம் மட்டும் நினைவகத்தை நிறைத்து மற்றதை வெறுமையாக விட்டால், இரண்டாம் செயலி எதற்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்; வேகம் குன்றும். எட்டுத் தடங்கள் உள்ள செயலிக்கு ஒரே நினைவகப் பட்டையைச் செருகுவது, எட்டு வாய்க்காலில் ஏழை அடைப்பதை ஒக்கும்.

இனி, வெப்பம். செயலி ஒன்று 250 வாட் உண்டால் இரண்டும் 500 வாட். வரைகலை அட்டையும் பிறவும் சேர்ந்தால் ஆயிரத்தை எட்டும். அஃதாவது, ஒரு மணிக்கு ஒரு யூனிட் மின்சாரம். உண்ட மின்சாரமெல்லாம் வெப்பமாகி அறையிலேயே தங்கும். தகரக் கூரை வீட்டில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, காலமும் மாறிவிட்டது. 2005-இல் ஒரே செயலிக்குள் இரு கருக்கள் அமைந்த மேசைக் கணினிகள் விற்பனைக்கு வந்தன. 2019-இல் ஏ.எம்.டி. நிறுவனம் 64 கருக்களை ஒரே செயலிக்குள் அடக்கியது. ஆகவே இன்று இரண்டாம் செயலியைத் தேடுவோர், பெரும்பாலும் கணிப்பு வேகத்திற்காக அன்றி, ஒரு செயலி தாங்கவியலாத அளவு நினைவகம் வேண்டியே தேடுதல் தகும். அத்தேவை இல்லாத மாணவன் ஒற்றைச் செயலியோடு நின்று, எஞ்சும் பணத்தில் தரமான மின்வழங்கியும், இடிமின்னல் மிகுந்த இந்நாட்டில் மின்தடையைத் தாங்கும் மின்கலப் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம்.