கம்பியின் நுனி



மின்னணுச் சோதனை என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவன டிரான்சிஸ்டரும், சில்லும், நுண்கட்டுப்பாட்டுப் பலகையுமே. அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும் கம்பியின் நுனியை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லாண்டு பௌதிகம் கற்பித்துப் பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற நானும் நெடுங்காலம் அதனை எண்ணிப் பார்த்தவனல்லன். எண்ணும்படி செய்தவன் ஒரு மாணவன்; செய்த விதமோ எனக்குப் பெருமை தருவதன்று.

அறிவியற் கண்காட்சிக்காக அம்மாணவன் தானே இறங்கி ஏறும் ரயில்வே கேட் ஒன்றின் மாதிரியை அமைத்திருந்தான். பொம்மை ரயில் நெருங்கியதும் ஒரு சிறு மோட்டார் சுழன்று கேட்டை இறக்க வேண்டும். மோட்டார் அசையத் தொடங்கும். உடனே கட்டுப்பாட்டுப் பலகை தன் நினைவை இழந்து, முதலிலிருந்து வேலையைத் தொடங்கும். கேட் பாதியில் நின்றுவிடும். “தம்பி, நீ எழுதிய நிரலில்தான் பிழை இருக்கிறது” என்று நான் சற்றுக் கடுமையாகவே கூறினேன். “இல்லை சார், மோட்டாரைக் கழற்றிவிட்டால் சரியாக ஓடுகிறது” என்றான் அவன். நான் செவிசாய்க்கவில்லை. மூன்று இரவுகள் கண்விழித்து அவன் நிரலை மாற்றி மாற்றி எழுதினான். கண்காட்சியில் நடுவர் முன்னிலையிலும் கேட் பாதியிலேயே நின்றது.

அடுத்த வாரம் வேறொரு காரியத்திற்காக அதே கம்பிகளை எடுத்தேன். இரு முனையிலும் முதலைவாய்க் கவ்வி பூட்டிய, கடையில் கட்டாக விற்கும் வண்ணக் கம்பிகள் அவை. ஒன்றின் வழியே 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, இரு நுனிகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை அளந்தபோது 0.4 வோல்ட் காட்டியது. அதாவது, ஒரு முழம் கம்பியின் மின்தடை 0.4 ஓம்! கவ்வியின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன். செம்பிழைகள் பற்றவைக்கப்படாமல், உறையின்மேல் மடித்து நசுக்கப்பட்டிருந்தன.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 0.8 ஓம். அந்த மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில் ஏறத்தாழ 3 ஆம்பியரை இழுத்தது. ஓம் விதிப்படி கம்பியிலேயே தொலைவது 2.4 வோல்ட். 5 வோல்ட்டில் மிஞ்சுவது 2.6 வோல்ட். அதே கம்பி வழியாக உணவு பெறும் பலகை மயங்காமல் என்ன செய்யும்? இக்கம்பிகளே அதற்கு முந்திய மாதமெல்லாம் எல்இடி விளக்குகளைக் குறையின்றி எரித்தன. ஏனெனில், 0.02 ஆம்பியர் செல்லும்போது அங்கே தொலைவது 0.016 வோல்ட்டே. குற்றம் இருந்தும் வெளிப்படவில்லை. மறுநாள் வகுப்பார் முன்னிலையில், பிழை நிரலில் இல்லை, என் முடிவிலேதான் இருந்தது என்று அவனிடம் சொன்னேன். கண்காட்சி முடிந்துபோயிருந்தது.

தொடுவது என்பது எளிய செயலாகத் தோன்றினும் உண்மையில் அவ்வளவு எளிதன்று. பளபளப்பான இரு உலோகப் பரப்புகளும் நுணுகி நோக்கினால் மேடு பள்ளங்களே. மேடும் மேடும் முட்டும் சில புள்ளிகளின் வழியாகத்தான் மின்னோட்டம் பாய்கிறது. ஸ்வீடன் நாட்டுப் பௌதிக அறிஞர் ரக்னர் ஹோம் இப்பொருளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அழுத்தம் கூடினால் புள்ளிகள் நசுங்கி விரியும்; தடை குறையும். துருவோ ஆக்சைடுப் படலமோ இடையில் வந்தால் தடை ஏறும். ஆகையால், திருப்புளியின்றிக் கையாலேயே பூட்டும் இணைப்பான் எதுவாயினும், அதன் உயிர் அதிலுள்ள வில்லின் அழுத்தமே ஆகும். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றும் நம் ஊர் வழக்கத்தில் அந்த வில் இல்லை. நாள் செல்லச் செல்ல முறுக்குத் தளர்வதைத் தடுப்பார் எவருமில்லை.

இவ்வெண்ணம் புதியதன்று. 1907ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஃபானஸ்டாக் கவ்வி, வளைத்த வில்தகடு ஒன்றேயாகும். அழுத்தினால் துளை தோன்றும், விட்டால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். 1920களின் வானொலிப் பெட்டிகள் பலவற்றில் இது இடம்பெற்றிருந்தது. அக்காலத்து வானொலி ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் பலகையின்மேல் ஆணியடித்துச் சுற்றுகளை அமைத்ததால்தான், இன்று நீங்கள் கையாளும் துளைப்பலகைக்குப் பிரெட்போர்டு என்ற பெயர் நின்றுவிட்டது. இன்றைய வடிவத்திற்கு அமெரிக்கரான ரொனால்டு போர்ச்சுகல் 1971இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இந்தப் பிரெட்போர்டைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். மாணவர் இடர்ப்படுவது இதில்தான் மிகுதி. துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. ஐந்து துளைகளுக்கு அடியில் ஒரே வில்தகடு ஓடுகிறது. ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் மின்வழங்கு வரிசைகள் சில பலகைகளில் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல், பலகையின் பாதி செத்துக் கிடப்பதாக எண்ணிச் சில்லை மாற்றியவர்களை நான் அறிவேன். தடித்த கால் உடைய உறுப்பைத் துளையில் திணித்தால் வில் விரிந்துபோய், பின்னர் மெல்லிய கம்பியைப் பிடிக்காது. சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைக் கம்பியே இதற்கு ஏற்றது. 1 ஆம்பியருக்கு மேல் இதன் வழியாகச் செலுத்தாதீர்கள். மோட்டாருக்கு உரிய மின்சாரம் பலகையைத் தொடாமல் நேரே செல்லட்டும். அம்மாணவனின் கேட்டுக்கும் இதுவே மருந்தாக இருந்திருக்கும்.

மோட்டார், பேட்டரி போன்றவற்றிற்கு நான் விரும்புவது நெம்புகோல் இணைப்பான். சிறு பிடியை மேலே தூக்கிக் கம்பியை நுழைத்துப் பிடியை மடக்கினால் போதும். ஜெர்மனியின் மிண்டன் நகரில் 1951இல் தோன்றிய வாகோ நிறுவனம் இத்தகைய வில் இணைப்பான்களுக்குப் பெயர் பெற்றது. அதன் 221 வரிசைக்கு உறையை 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும். பல இழைக் கம்பியும் ஒற்றைக் கம்பியும் இதில் சமமாக அமரும். பிடியில்லாமல் வெறுமனே குத்திச் செருகும் வகையோ ஒற்றைக் கம்பிக்கே உரியது. பல இழைக் கம்பி நுழையாமல் பூப்போல் விரிந்துவிடும். 32 ஆம்பியர் என்று இணைப்பானில் எழுதியிருப்பதைக் கண்டு, தலைமயிர் போன்ற கம்பியில் அவ்வளவையும் செலுத்தப் புறப்பட்டுவிடாதீர்கள். அவ்வளவு இணைப்பானுக்கு உரியது; கம்பிக்கு அன்று.

கருவியே வேண்டாத இணைப்பான் என்கிறோமே, உறையை உரிக்க மட்டும் ஒரு கருவி வேண்டும். பற்களை அதற்குப் பயன்படுத்தும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருவராவது உண்டு.

அளவிடும் கருவிகளுக்கும் மின்வழங்கிக்கும் இடையே அடிக்கடி மாற்றிப் பூட்ட வேண்டிய இடத்தில் 4 மில்லிமீட்டர் செருகியே சிறந்தது. கடையில் பனானா பிளக் என்று கேளுங்கள். ஜெர்மானியரான ரிச்சர்டு ஹிர்ஷ்மன் 1924இல் அமைத்தது இது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செருகவும் வகை உண்டு. ஆனால் ஓர் அபாயத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. உறையற்ற இச்செருகி, மூடி இல்லாத நம் வீட்டுச் சுவர்ச் சாக்கெட்டின் துளைக்குள் தடையின்றி நுழையும். விளையாட்டாகக்கூட அதைச் சுவரருகே கொண்டுசெல்லாதீர்கள். உறைக்குள் ஒடுங்கிய வகையை வாங்குவது நலம்.

தாழ்ந்த மின்னழுத்தம் உடலைத் தாக்காது என்பதால் மேசையில் அச்சம் வேண்டாம் என்று சிலர் கூறுவர். 12 வோல்ட் கார் பேட்டரியின் இரு முனைகளும் கவ்வி நழுவித் தொட்டுக்கொண்டால் பாய்வது நூற்றுக்கணக்கான ஆம்பியர். கம்பி கண்ணெதிரே சிவக்கும். விரலில் மோதிரம் இருந்தால் விரல் வேகும். பேட்டரியின் வாயிலிலேயே ஒரு பியூஸ் இருக்கட்டும்.

முதலைவாய்க் கவ்வியை முற்றிலும் விலக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு நிமிடச் சோதனைக்கு அதைப்போல் விரைந்து உதவுவது வேறில்லை. வாங்கியவுடன் உறையை விலக்கி, இழைகளை ஈயத்தால் பற்றவைத்துவிடுங்கள். பிறகு, நான் செய்தவாறே 1 ஆம்பியர் செலுத்தி வோல்ட்டை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் ஓம் பகுதியைக்கொண்டு அளப்பதானால், முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். அக்கம்பிகளுக்கும் தடை உண்டல்லவா?

என் பெட்டியில் இன்று ஒவ்வொரு கம்பியிலும் சிறு தாள் ஒட்டி அதன் ஓமை எழுதி வைத்திருக்கிறேன். 0.1க்கு மேல் காட்டியவற்றைக் கத்தரித்தே எறிந்தேன். முழுதாக விட்டால் எப்படியோ மறுபடியும் பெட்டிக்குள் வந்துவிடுகின்றன. 0.4 என்று எழுதிய ஒன்றை மட்டும் அம்மாணவன் கேட்டு வாங்கிச் சென்றான்.