உங்களுக்குத் தெரியுமா? 1934 செல்லும், ௧௯௩௪ செல்லாது

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தது. ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கும் ‘நூலகம்’ என்னும் திட்டம் 2005இல் தொடங்கியது. இத்தகைய சேமிப்புக்கான நூல்விவரங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதினால், பைத்தன் மொழியின் எல்எக்ஸ்எம்எல் நிரல்தொகுதி, 2001இல் வெளியான எக்ஸ்எம்எல் ஸ்கீமா விதிப்படி அதைச் சரிபார்க்கும். பதிப்பாண்டுக்கு ‘ஆண்டு’ என்னும் தரவுவகையை விதித்திருந்தால் 1934 செல்லும். தமிழ் எண்ணில் ௧௯௩௪ செல்லாது, பழைய பதிப்பின் முகப்பில் அப்படியே அச்சாகியிருந்தாலும் சரி. அதையே 1943 என்று மாற்றி எழுதினால்? பிடிபடாது. ஸ்கீமா பார்ப்பது வடிவத்தை, உண்மையை அல்ல. அப்படியானால் வீண்வேலைதானே என்பார்கள். இல்லை: விடுபட்ட தலைப்பையும் இடம்மாறிய ஆசிரியர் பெயரையும் இயந்திரமே காட்டிவிட்டால், பதிவை நூலின் முகப்போடு ஒப்பிட மனிதக் கண்ணுக்கு நேரம் மிஞ்சும்.