தேடுவோர்க்கு நேர்மையான விடை

தொழுகைக்கு விரிப்பதை ஒருவர் 'முசல்லா' என்கிறார்; மற்றொருவர் 'தொழுகை விரிப்பு' என்கிறார்; உருது வழங்கும் இல்லங்களில் அதுவே 'ஜாநமாஸ்' ஆகிறது. கடைத்தெருவில் இதனால் இடர்ப்பாடு ஏதுமில்லை. எச்சொல்லைச் சொன்னாலும் கடைக்காரர் புரிந்துகொண்டு எடுத்துத் தருவார். இணையக் கடையின் தேடல் பெட்டிக்கோ அவ்வறிவை நாம்தான் ஊட்டவேண்டும். இல்லையேல், சரக்கு நிறைந்திருந்தும் 'பொருள் இல்லை' என்று அது கைவிரித்துவிடக்கூடும்.

இக்குறையைப் போக்கும் அமைப்புகள் உண்டு. ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களை இணைத்து வைக்கலாம். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளச் செய்யலாம். பொருளின் பெயரில் காணப்படும் சொல்லுக்கு, விளக்கத்தில் காணப்படும் சொல்லைவிடக் கூடுதல் மதிப்பளிக்கலாம். ஆனால் எதற்கும் அளவு வேண்டும். பிழையை மிகுதியாகப் பொறுத்தால், 'பட்டு' கேட்டவருக்குத் 'தட்டு' வந்து நிற்கும்!

எவ்வமைப்பு சிறந்தது என்பதை ஊகத்தால் அன்று, சோதனையால் அறியவேண்டும். அதற்கு இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய ஆய்வுகளில் உருப்பெற்றது. கேள்விகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான விடைகளை மனிதரே குறித்து வைப்பர். பின்னர், ஒவ்வொரு முறையும் அவற்றுள் எத்தனையைக் கண்டெடுக்கிறது, பொருந்தாதவற்றை எவ்வளவு கலக்கிறது என்று அளப்பர்.

இரண்டாவது வழி, வாடிக்கையாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பழைய அமைப்பையும் மற்றொன்றுக்குப் புதியதையும் ஒரே நாட்களில் வழங்குவது. சாதாரண நாளில் பழையதையும் ரமளானின் இறுதி வாரத்தில் புதியதையும் வைத்து ஒப்பிட்டால், பெருநாள் விற்பனையைத் தேடலின் வெற்றியென்று மயங்க நேரிடும். இரண்டு நாள் கணக்கைக் கண்டு அவசரப்படாமல், முன்னரே வகுத்த காலம்வரை பொறுத்திருத்தலும் இன்றியமையாதது.

ஒப்பிட்டு அறியும் இந்நெறி நமக்குப் புதிதன்று. மருத்துவ மேதை அர்ராஸி, மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்ட ஒரு பிரிவினருக்குக் குருதி வடித்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டுப் பார்த்ததாக எழுதியுள்ளார். அவருடைய குறிப்புகளே 'அல்ஹாவி' எனும் பெருநூலாயின. அச்சிகிச்சையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு முளைவிட்டிருந்தது. குலுக்கல் முறையை 20ஆம் நூற்றாண்டில் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் செம்மைப்படுத்தினார்.

எனினும், எதை வெற்றியெனக் கணக்கிடுவது என்பதே தலையாய வினா. விற்ற தொகையை மட்டும் அளந்தால், விலைமிகுந்த பொருளையும் விளம்பரப் பணம் தந்தவரின் பொருளையும் முன்னே நிறுத்தும் அமைப்பே வென்றுவிடக்கூடும். தேடியது கிடைத்ததா, வாங்கியதைத் திருப்பி அனுப்பினாரா, மீண்டும் நாடி வந்தாரா என்பவற்றையும் எண்ணவேண்டும்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் மறைந்திருக்கக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, மோசடி செய்வோரைக் கடிந்துரைத்தார்கள். தேடல் விடைகளின் வரிசையும் அத்தகையதொரு குவியலே. இணைய வணிகத்தில் இறங்கும் நம் இளைஞர்கள், மேலே வைப்பது எதுவென்று ஒவ்வொரு நாளும் தம்மைத் தாமே வினவிக்கொள்வார்களாக!