தீர்ப்பு வந்தது, வீடு வந்ததா?

தோழர்களே! வரி பாக்கி வைத்த உழவன் வாசலில் அன்று என்ன நடந்தது என்பதை உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அண்டாவும் குண்டாவும் தெருவுக்கு வரும்; ஏர்மாடு ஏலத்துக்குப் போகும். அதற்குப் பெயர் ஜப்தி! வெள்ளைக்காரன் 1864-இல் சென்னை மாகாணத்துக்கென்று இயற்றிய வருவாய் வசூல் சட்டம் அதற்குத் துணை நின்றது. ஏழையின் பாக்கி என்றால் சட்டத்துக்குக் கால் முளைக்கும், கொம்பும் முளைக்கும். அடுக்குமாடி கட்டித் தருவதாகப் பணம் வாங்கி ஏப்பம் விட்ட முதலாளியின் பாக்கி என்றால்? அதே சட்டம் நொண்டி நொண்டி நடக்கிறது!

அறந்தாங்கிக்காரர் சிங்கப்பூரில் வியர்வை சிந்துகிறார். கந்தர்வகோட்டைக்காரர் வளைகுடா வெயிலில் வேகிறார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததைத் திருச்சியிலோ சென்னையிலோ ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறார். வண்ணப்படத்திலே நீச்சல் குளம். நிலத்திலே நெருஞ்சி முள்! கேட்டால் ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள்.

அந்த ஒப்பந்தங்களின் அழகுக்கு ஒரு சான்று. தில்லிக்கு அருகே குருகிராமில் பயனீர் என்ற கம்பெனி எழுதி வாங்கியது இது: வாங்குகிறவர் தவணை தவறினால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. கம்பெனி வீடு தரத் தவறினாலோ, அவர் மேலும் ஓராண்டு காத்திருந்து, ஒப்பந்தத்தை முறித்து, 90 நாள் பொறுத்து, அதற்கும் பிறகுதான் 9 விழுக்காடு! 2019 ஏப்ரல் 2 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது: இப்படி ஒருதலையாக எழுதிய நிபந்தனை முறையற்ற வணிகம், அது வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. பணத்தை 10.7 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தரச் சொன்ன ஆணையும் நிலைத்தது.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் ஒரு சேவைதான் என்று லக்னோ வழக்கில் 1993-லேயே தீர்ந்துவிட்டது. ஆக, உரிமை இருக்கிறதா என்பதல்ல இன்றைய கேள்வி. தீர்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு அலைவது என்பதே கேள்வி!

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துகிறோம் என்று புறப்பட்டவர்கள், 2003 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 25-ஆம் பிரிவில் 'இடைக்கால ஆணை' என்று எழுதி வைத்தார்கள். இறுதி ஆணை? அது விட்டுப்போயிற்று! ஒரு சொல் விட்டுப்போனதும் முதலாளிகளின் வழக்கறிஞர்கள் அதற்குள் புகுந்து பந்தல் போட்டுக்கொண்டார்கள். இடைக்கால ஆணையைத்தான் நிறைவேற்றலாமாம், இறுதித் தீர்ப்பை நிறைவேற்ற முடியாதாம்! தாலி கட்டும்வரைதான் மாப்பிள்ளை, கட்டிய பிறகு யாரோ என்பதுபோல! புனே நகரின் பாம் குரோவ்ஸ் வீட்டுவசதிச் சங்க வழக்கில், 2025 ஆகஸ்ட் 22 அன்றுதான் உச்சநீதிமன்றம் அதை 'எந்த ஆணையும்' என்றே படிக்க வேண்டும் என்றது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இந்த ஓட்டையை முன்பே அடைத்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட பதினேழு ஆண்டுக்காரர்கள்? அவர்களில் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் இப்போது அதைத் தூசி தட்டி எடுக்கலாம்.

புதிய சட்டத்தில் நமக்கு ஒரு நன்மை உண்டு. கம்பெனி சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் புதுக்கோட்டையிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்வரை இங்கேயே. ஐந்து லட்சம்வரை கட்டணமே இல்லை. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம்வரை ஆயிரம் ரூபாய். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, ஒப்பந்தம், விளம்பரத் தாள் எதையும் தொலைத்துவிடாதீர்கள். படிப்பகத்தில் உட்காரும் நம் தோழர்கள் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுத்தாலே பெரும்பணி.

வென்ற பிறகும் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு. ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டுவரை சிறை என்று 72-ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் வென்றவர்களுக்கோ வேறு வழி: அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். வட்டி மட்டுமல்ல, அசலும் அப்படியே என்று 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

நிலவரி பாக்கியைப் போல! ஆம், பாட்டன் வீட்டு அண்டாவைத் தூக்கிய அதே 1864-ஆம் ஆண்டுச் சட்டம்! வசூல் சான்று கலெக்டர் அலுவலகம் போகும், அங்கிருந்து தாசில்தாரிடம் போகும். அங்கே அது எந்த மேசையில் உறங்குகிறது என்று, ஒருவராக அல்ல, ஏமாந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.