வெள்ளியிலிருந்து தாளுக்கு: போர்க்கால ஒரு ரூபாய்த் தாளும் பணச்சொற்களின் பொருள்மாற்றமும்

ரூபாய் என்பது வெள்ளி நாணயத்தைக் குறித்த ‘ரூப்ய’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. ‘ஒரு ரூபாய்’ என்பது வெள்ளியை விட்டு விலகித் தாளாகவும் வழங்கத் தொடங்கியது முதல் உலகப்போரின்போதாகும்.

1917க்கு முன் பிரித்தானிய இந்தியாவின் மிகச்சிறிய பணத்தாள் 5 ரூபாயே. செங்கல்பட்டு மாவட்டத்து நெல்வயல்கள், கோவளத்து உப்பளங்கள், மாமல்லபுரக் கடற்கரை மீனவ ஊர்கள் ஆகியவற்றின் சிறு கொடுக்கல் வாங்கலுக்கு அது பெருந்தொகை. அங்கு கையில் புழங்கியவை வெள்ளி ரூபாயும் அணா, காலணா, தம்பிடி ஆகிய சில்லறைகளுமே.

வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின். அதில் 12இல் 11 பங்கு தூய வெள்ளி. அதன் மாற்று மதிப்போ 16 பென்சு. போரினால் வெள்ளியின் தேவை பெருகி, 1917இல் ஓர் அவுன்சின் விலை 43 பென்சை எட்டியது. அவ்விலையில் நாணயத்தின் உலோக மதிப்பும் முகமதிப்பும் சமமாயின. அதற்குமேல் விலை ஏறின், நாணயத்தைச் செலவிடுவதினும் உருக்குவதே ஆதாயம். இந்நெருக்கடியில் 1917 நவம்பர் 30ஆம் நாளிட்ட ஒரு ரூபாய்த் தாளும், அடுத்து 2 ரூபாய் 8 அணாத் தாளும் வெளியிடப்பட்டன.

ஒரு ரூபாய்த் தாளில் ஐந்தாம் ஜார்ஜ் உருவம் கொண்ட வெள்ளி நாணயத்தின் படம் அச்சிடப்பட்டது. தொகை, தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளில் எழுதப்பட்டது. எழுத்தறியாதார்க்கு நாணயப் படமும் எழுத்தறிந்தார்க்குத் தாய்மொழியும் நம்பிக்கைச் சான்றாயின. கேட்டவுடன் ஒரு ரூபாய் தருவதாகிய உறுதிமொழியும் அதில் இருந்தது. 1926இல் நிறுத்தப்பட்ட இத்தாள், இரண்டாம் உலகப்போரின்போது 1940இல் மீண்டும் வந்தது. இம்முறை அதற்கு ரூபாய் நாணயத்தின் சட்டநிலையே வழங்கப்பட்டது, உறுதிமொழி இல்லை. நாணயத்துக்கு ஈடாக நின்ற தாள் நாணயமே ஆயிற்று.

இதற்கு இணையான சொல்வழக்கு மலாயாத் தமிழில் உண்டு. அங்கு டாலரின் பெயர் ‘வெள்ளி’. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி வெளியிட்ட வாழைமரப் படம் கொண்ட தாளும் ‘பத்து வெள்ளி’யே. ஆனால் பிரித்தானியர் மீண்டதும் அத்தாள்கள் செல்லாதனவாயின. தோட்டத் தொழிலாளர் சேமித்திருந்த கூலியும் அவற்றோடு மறைந்தது.

இரு தாள்களிலும் வெள்ளி இல்லை. இரண்டின் பெயரிலும் வெள்ளி இருந்தது. ஒன்று நிலைத்ததற்கும் மற்றொன்று மடிந்ததற்கும் காரணம், வெளியிட்ட அரசு நீடித்ததும் நீடியாததுமே. உலோகத்தின் பெயராகத் தொடங்கிய பணச்சொல், போர்க்காலத்தில் அரசின் மீதான நம்பிக்கையின் பெயராக மாறியது எனலாம்.