உங்களுக்குத் தெரியுமா? நோயாளியும் மதிப்பெண் போடுவார்!

● மருத்துவ மாணவரின் செய்முறைத் தேர்வில் கட்டிலில் படுத்திருப்பவர் உண்மையான நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. 1963-ல் லாஸ் ஏஞ்சலிஸில், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணை இரு கால்களும் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பழக்கினார். மாணவர்கள் ஒவ்வொருவராகச் சோதித்துவிட்டுப் போனதும், யார் என்ன செய்தார், எதை விட்டார் என்று அந்தப் பெண்ணே குறித்துக் கொடுத்தார்.

● இந்த யோசனைக்கு வித்திட்டவர் ஒரு நிஜ நோயாளி. பாரோஸ் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், தேர்வுக்கு வந்த ஒருவர் அந்த நோயாளியைக் கரடுமுரடாகக் கையாண்டாராம். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழும் 'பாபின்ஸ்கி' குறி அந்த நோயாளிக்கு ஒரு காலில் இருந்தது. கோபத்தில் அதை மறு காலில் காட்டி, தேர்வரைத் திண்டாட வைத்துவிட்டார்! நோயாளியால் நடிக்க முடியும் என்பது பாரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

● பத்திரிகைகள் பாரோஸின் முயற்சியை ஹாலிவுட் கூத்து என்று கேலி செய்தன.

● மருத்துவ மாணவர்கள் 'ஓஸ்கி' என்று சொல்லும் தேர்வு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தது. ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் ஒருவருக்கு எளிய கேஸ் கிடைக்கும், அடுத்தவருக்குச் சிக்கலான கேஸ். ஒருவருக்குக் கனிவான தேர்வாளர், இன்னொருவருக்குக் கடுகடுப்பானவர். ஹார்டனின் முறையில் மணி அடித்ததும் எல்லோரும் 'ஸ்டேஷன்' எனப்படும் ஒரு தேர்வு இடத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வார்கள். அதே நோயாளிகள், அதே தேர்வாளர்கள் எல்லோருக்கும்.

● வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் பணிபுரிய எழுதும் 'பிளாப்' தேர்வின் இரண்டாம் கட்டம் மான்செஸ்டரில் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்கள் உண்டு. 16 ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். உள்ளே போவதற்கு முன் படிக்கக் கொடுக்கும் குறிப்பில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். விளக்கம் சொல்லச் சொன்ன இடத்தில் முழு ஹிஸ்டரியும் எடுக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும்.

● நோயாளி வாய் திறந்து சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. தேர்வில் கடிகாரம் ஓடும் பயத்தில் மாணவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: "காய்ச்சல் இருக்கா? வாந்தி இருக்கா? சுகர் இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டுத் தள்ளுகிறார்கள். நடிப்பவருக்குக் கொடுத்த குறிப்பிலோ, கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கலாம். நெஞ்சுவலி என்று வந்தவரின் அப்பா மாரடைப்பில் போயிருப்பார். "இது எதனால இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க? மனசுல ஏதாவது பயம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தால் அது தானாக வெளிவரும். இந்த மௌனத்தையும் வாய்விட்டுச் சொல்லும் கேள்விகளைப் போலவே நண்பர்களோடு உட்கார்ந்து பழகத்தான் வேண்டும். தேர்வு அறையில் திடீரென்று வராது.

● பட்டியலை வைத்து 'கேட்டார், கேட்கவில்லை' என்று டிக் அடித்தால், அனுபவசாலி மருத்துவர்கள் மாணவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள்! 1999-ல் வெளிவந்த கனடா ஆய்வு இது. நாலே கேள்வியில் நோயைப் பிடிப்பவருக்கு நாற்பது கேள்வி தேவைப்படாது. அதே மருத்துவர்களை ஒட்டுமொத்தத் திறமையைப் பார்த்து மதிப்பிட்டபோது அவர்கள்தான் முன்னே நின்றார்கள். மனப்பாடக் கேள்விகளை மட்டும் நம்பிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

● அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான தேர்விலும் 2004 முதல் நோயாளியாக நடிப்பவர்களைச் சோதிக்கும் கட்டம் ஒன்று இருந்தது: ஒரே நாளில் 12 நோயாளிகள், தலா 15 நிமிடம். கொரோனாவால் 2020-ல் நின்றது. 2021-ல் கைவிட்டே விட்டார்கள்.

● பயிற்சிக்கு மூன்று பேர் சேருங்கள்: ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, ஒருவர் தேர்வாளர். மாறி மாறிச் செய்யுங்கள். நோயாளியாகப் படுக்கும் முறையைத் தட்டிக் கழிக்காதீர்கள். சில்லென்ற கை வயிற்றில் படுவது எப்படி இருக்கும், முகம் பார்க்காமல் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் எப்படிக் குத்தும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். வயிற்றைச் சோதிக்கும்போது வலிக்கும் இடத்தை முதலிலேயே கேட்டுக்கொண்டு கடைசியில் தொடுங்கள். அழுத்தும்போது கண் உங்கள் கையில் இருக்கக் கூடாது, நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும்.