“தனியா ஒரு குரூப் போட்டுடலாமா?”

இரவு எட்டேகால் மணி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாட்ஸ்அப் குரூப். ‘நாளை காலை 6 முதல் 10 மணி வரை தண்ணீர் வராது. மோட்டார் ரிப்பேர்’ என்று செயலாளர் ஒரு தகவல் போடுகிறார். அதன் கீழே ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் போடுகிறார். இன்னொருவர், வீட்டில் செய்த அதிரசம் கிலோ என்ன விலை என்று போடுகிறார். பிறகு யாருக்கோ பிறந்தநாள். வரிசையாக நாற்பது கேக் படங்கள்.

மறுநாள் காலை, தலையில் ஷாம்பு நுரையோடு குளியலறையில் நிற்பவர் கேட்கும் கேள்வி: “ஏன் யாருமே சொல்லலை?”

அன்று மாலையே பேச்சு கிளம்புகிறது. “அறிவிப்புக்குத் தனியா ஒரு குரூப் போட்டுடலாமா?” எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். ஒரு மாதத்தில் அறிவிப்புக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று, பார்க்கிங் தகராறுக்கு ஒன்று என ஏழு குரூப்கள். அடுத்த முறை மோட்டார் பழுதாகும்போது, செயலாளர் அதே தகவலை ஏழு இடங்களில் ஒட்டுகிறார். அப்படியும் மூன்றாவது மாடிப் பெரியவருக்குத் தெரியவில்லை. அவர் பழைய குரூப்பில் மட்டும்தான் இருக்கிறார். அங்கே இப்போது யாரும் எதுவும் போடுவதில்லை.

ஆயிரம் பேர் கூடிப் பேசும் இடத்தில் புதிதாக ஒரு பிரிவு தேவையா, வேண்டாமா? சின்னக் கேள்விபோலத் தெரியும். ஆனால், இந்தக் கேள்விக்காக வாட்ஸ்அப் பிறப்பதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே மனிதர்கள் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த விதிகள் இன்றைய அட்மின்களுக்கும் அப்படியே பொருந்தும்.

சமையல் குறிப்பில் வந்த சண்டை

1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு கம்ப்யூட்டரில் எழுதும் செய்தி, டெலிபோன் லைன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து அடுத்ததற்கு. இப்படிப் பிறந்ததுதான் ‘யூஸ்நெட்’. பேசும் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு. அதற்கு ‘நியூஸ்குரூப்’ என்று பெயர்.

ஆரம்பத்தில் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிரிவுகள். கூட்டம் சேரச் சேர, பிரிவுகளும் பெருகின. செய்திகளைத் தூக்கிச் செல்லும் டெலிபோன் செலவும் ஏறியது. குறிப்பாக, கடல் கடந்து செய்தி வாங்கும் ஐரோப்பியர்களுக்கு, யாரோ இருவர் அடித்துக்கொள்ளும் வெட்டிப் பேச்சுக்கும் சேர்த்து ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

1986-87-ல் எல்லாப் பிரிவுகளையும் கலைத்துப்போட்டு அடுக்கினார்கள். கம்ப்யூட்டர், அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம், விவாதம் என்று ஏழு பெரிய கிளைகள். ஒவ்வொரு பிரிவும் ஏதாவது ஒரு கிளையில் உட்கார வேண்டும். ‘மாபெரும் பெயர்மாற்றம்’ என்று இதை இன்றும் சொல்கிறார்கள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. பிரையன் ரீட் என்பவர் அங்கே ஒரு சமையல் குறிப்புப் பிரிவை நடத்திவந்தார். புது ஏற்பாட்டில் அதற்குக் கொடுத்த பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜான் கில்மோர் என்பவர் கேட்ட பிரிவை நிர்வாகிகள் தர மறுத்துவிட்டார்கள். 1987 மே மாதத்தில் இவர்கள் கலிஃபோர்னியாவில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து பேசி, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு தனிக் கிளையையே தொடங்கிவிட்டார்கள். அதன் பெயர் ‘ஆல்ட்’.

இதில் ஒரு பாடம் உண்டு. நியாயமான தேவைக்குக் கதவைச் சாத்தினால், மக்கள் பக்கத்திலேயே புது வீடு கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

நூறு ஓட்டு அதிகம் வேண்டும்

ஏழு பெரிய கிளைகளில் புதுப் பிரிவு வேண்டுமென்றால், அதற்கு ஒரு நடைமுறை உருவானது. முதலில், ‘இப்படி ஒரு பிரிவு வேண்டும், அதன் பெயர் இது, இதில் இன்னது பேசலாம், இன்னது கூடாது’ என்று எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். சில வாரங்கள் விவாதம் நடக்கும். அதன் பிறகே மின்னஞ்சல் வழி வாக்கெடுப்பு. யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பட்டியலும் கடைசியில் வெளியாகும்.

ஜெயிக்க இரண்டு நிபந்தனைகள். ‘வேண்டும்’ என்பவர்கள், ‘வேண்டாம்’ என்பவர்களைவிட 100 பேராவது அதிகம் இருக்க வேண்டும். மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு பங்கும் ‘வேண்டும்’ பக்கம் இருக்க வேண்டும்.

உதாரணமாக, 120 பேர் வேண்டும், 15 பேர் வேண்டாம் என்றால் பாஸ். 150 பேர் வேண்டும், 60 பேர் வேண்டாம் என்றால் ஃபெயில், வித்தியாசம் 90தான். 300 பேர் வேண்டும், 190 பேர் வேண்டாம் என்றாலும் ஃபெயில். வித்தியாசம் 110 இருந்தாலும், மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை.

முதல் நிபந்தனை, ‘இதைப் பேச ஆள் இருக்கிறதா?’ என்று கேட்கிறது. இரண்டாவது, ‘இதனால் மற்றவர்கள் மனம் முறியுமா?’ என்று கேட்கிறது. தோற்ற திட்டத்தை ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி கொண்டுவர முடியும். ஆசைப்பட்ட வேகத்தில் பிரிவு திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

உங்கள் போனுக்குள் இருக்கும் கதை

புதுப் பிரிவு எப்போது கட்டாயம் தேவை என்பதற்கு, உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே சாட்சி.

1991 ஆகஸ்ட் 25. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், யூஸ்நெட்டில் ஒரு தகவல் போட்டார். தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, யோசனை கேட்டார். அதைப் போட்ட இடம், ‘மினிக்ஸ்’ என்ற வேறோர் இயங்குதளத்துக்கான பிரிவு. அவருக்குத் தெரிந்த கூட்டம் அங்கேதான் இருந்தது.

அவர் எழுதியதுதான் லினக்ஸ். சில மாதங்களில் மினிக்ஸ் பிரிவில் லினக்ஸ் பேச்சு பெருகியது. மினிக்ஸ் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய மண்டபத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பந்தி போட்டதுபோல! மினிக்ஸை உருவாக்கிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமே 1992 ஜனவரி 29 அன்று, லினக்ஸின் அமைப்பு காலாவதியானது என்று அங்கேயே எழுத, லினஸ் சூடாகப் பதில் கொடுத்தார். கம்ப்யூட்டர் உலகம் இன்றும் பேசும் சண்டை அது.

அதற்குப் பத்து நாள் முன்பே, ‘ஆல்ட்’ கிளையில் லினக்ஸுக்குத் தனிப் பிரிவு ஒன்று பேச ஆரம்பித்திருந்தது. மார்ச் 31 அன்று அது ‘காம்ப்.ஓஎஸ்.லினக்ஸ்’ என்ற பெயரில் பெரிய கிளைக்கே வந்து சேர்ந்தது. பிறகு அதுவும் தாங்காமல் அறிவிப்பு, உதவி, நிர்வாகம், உருவாக்கம் என்று பல பிரிவுகளானது. அறிவிப்புப் பிரிவில் மட்டும் கண்டவர் கண்டதை எழுத முடியாது. ஒருவர் படித்துப் பார்த்துத்தான் அனுமதிப்பார். அட்மின் மட்டும் பேசும் வாட்ஸ்அப் அறிவிப்பு குரூப்பின் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

அந்த லினக்ஸின் மையக் கருதான் இன்று ஆண்ட்ராய்டு போன்களை இயக்குகிறது.

கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் பேச்சு வந்தது. அது பழைய இடத்தில் நிரம்பி வழிந்தது. ஒரு தற்காலிக இடத்தில் பழகிப் பார்த்தார்கள். கடைசியாகத்தான் நிரந்தர இடம்.

தமிழுக்கு எந்த இடம்?

யூஸ்நெட்டின் சமூகக் கிளையில் இந்தியாவுக்கு ஒரு பிரிவு இருந்தது. இலங்கைக்கு ஒன்று இருந்தது. தெலுங்குக்கும் கேரளாவுக்கும் இந்தியாவின் கீழே உட்பிரிவுகள் இருந்தன. தமிழுக்கான பிரிவு மட்டும் எந்த நாட்டின் கீழும் இல்லாமல் ‘சோக்.கல்ச்சர்.தமிழ்’ என்று நேராகவே நின்றது. தமிழர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள், இலங்கையிலும் இருக்கிறார்கள், மலேசியா, சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் கீழே வைத்திருந்தால், மற்ற நாட்டுத் தமிழர் விருந்தாளி ஆகியிருப்பார். தமிழ் எழுத்து திரையில் வராத அந்தக் காலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித்தான் பேச வேண்டும்.

பிரிவுக்கு வைக்கும் பெயரும் அதை வைக்கும் இடமும் யார் சொந்தக்காரர், யார் விருந்தாளி என்று சொல்லிவிடுகின்றன. ‘சமையல் குரூப்’ என்று பெயர் வைத்தால் ஆண்களும் வருவார்கள். ‘லேடீஸ் கிச்சன்’ என்று வைத்தால், நன்றாகச் சமைக்கத் தெரிந்த மாமா வாசலிலேயே நின்றுவிடுவார்.

கூடமா, தனி அறையா?

பள்ளிப் பெற்றோர் குரூப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா ஒருவர் ஒரு சந்தேகம் கேட்கிறார். ஒரு நிமிட மௌனம். பிறகு யாரோ ‘காட் ப்ளெஸ்’ போட, பேச்சு ஹோம்வொர்க்குக்குத் திரும்பிவிடுகிறது. அவரைப் போன்ற நான்கைந்து பெற்றோருக்கு ஒரு தனி குரூப் கிடைத்தால், அங்கே அவர்கள் மனம்விட்டுப் பேசலாம். தெரபிக்கு எங்கே போவது, பள்ளியில் எப்படிக் கேட்பது என்று ஒருவருக்கொருவர் கைகொடுக்கலாம்.

ஆனால், ஒரு நஷ்டமும் உண்டு. அந்தப் பேச்சு தனி அறைக்குப் போன பிறகு, மற்ற பெற்றோர்கள் அதைக் கேட்கவே மாட்டார்கள். பக்கத்து பெஞ்சுக் குழந்தையைத் தன் பிள்ளை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குப் போய்விடும். ‘அதையெல்லாம் அந்த குரூப்பில் போடுங்க’ என்று சொல்ல ஒரு சாக்கும் கிடைத்துவிடும்.

இதற்கு ஒரே விடை கிடையாது. தனி அறை வேண்டும் என்று கேட்பவர்கள் அவர்களாகவே கேட்டார்களா, அல்லது கூடத்தில் இருப்பவர்கள் அவர்களை அனுப்பிவைக்கப் பார்க்கிறார்களா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

ஆள் இல்லாத அறை இன்னொரு ஆபத்து. கேள்வி-பதில் தளமான ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், புதுத் தளம் கேட்பவர்களிடம் வெறும் ஓட்டு வாங்குவதோடு நிற்கவில்லை. ‘நான் வந்து கேள்வி கேட்பேன், பதில் சொல்வேன்’ என்று போதுமான பேர் உறுதி கொடுத்தால்தான் சோதனை ஓட்டமே. சோதனையில் கூட்டம் சேராமல் மூடப்பட்ட தளங்களும் உண்டு. கை தூக்குவது சுலபம். தினமும் வந்து உட்காருவதுதான் கஷ்டம்.

சீர்காழிக்காரர் சொன்ன வழி

பிரிப்பது பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவர், சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். புத்தகங்களை எப்படிப் பிரித்து அடுக்குவது என்று படிக்க லண்டன் போனபோது, ஒரு கடையில் ‘மெக்கானோ’ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மை வருகிறது!

அந்த யோசனையில் பிறந்ததுதான் 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை. ஒவ்வொரு புது விஷயத்துக்கும் ஒரு புது அலமாரி தேடாமல், பொருள், இடம், காலம் என்ற துண்டுகளைச் சேர்த்தே ஒரு புத்தகத்துக்கு முகவரி கொடுக்கலாம். நூலகம் என்பது வளரும் உயிர் என்பதும் அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று.

இன்றைய அட்மினுக்கு இதன் அர்த்தம் எளிது. எல்லாவற்றுக்கும் புது குரூப் தேவையில்லை. செய்தியின் தலையில் ‘தண்ணீர்’, ‘விற்பனை’, ‘ரத்தம் தேவை’ என்று ஒரு வார்த்தை போட்டாலே, பலருக்குத் தேடி எடுக்க அது போதும்.

புது குரூப் திறக்கும் முன்…

* கடந்த ஒரு மாதச் செய்திகளைப் புரட்டுங்கள். அந்த விஷயம் நிஜமாகவே தினமும் வருகிறதா? ஒரு நாள் சண்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

* அது மற்ற முக்கியமான தகவலை மூழ்கடிக்கிறதா? இல்லையென்றால், தலைப்பு வார்த்தையே போதும்.

* கை தூக்குபவர்களை மட்டும் எண்ணாதீர்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அங்கே வருவார்கள் என்று கேளுங்கள்.

* பொறுப்பாளர் யார்? ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால், யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

* இங்கே என்ன பேசலாம், என்ன கூடாது என்று இரண்டே வரியில் எழுத முடிகிறதா? முடியவில்லை என்றால், தேவை இன்னும் தெளிவாகவில்லை.

* மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாகத் திறந்து பாருங்கள். ஆள் வரவில்லை என்றால், சங்கடப்படாமல் மூடிவிடுங்கள்.

* 2022 நவம்பரில் வாட்ஸ்அப், ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம் என்றது. பல குரூப்களை ஒரே குடையின் கீழ் வைக்கும் ‘கம்யூனிட்டி’ வசதியையும் கொண்டுவந்தது. அட்மின் ஒருமுறை அறிவிப்பில் போட்டால், குடைக்குள் இருக்கும் எல்லோருக்கும் போய்விடும். ஏழு இடத்தில் ஒட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, பழைய குரூப்பை விட்டு எல்லோரும் கிளம்பும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே இன்னும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மூன்றாவது மாடிப் பெரியவருக்கு லிங்க்கை அழுத்தி உள்ளே வரத் தெரியாமல் இருக்கலாம். ஒருவர் மாடி ஏறிப்போய், அவர் போனை வாங்கிச் சேர்த்துவிட்டு, அப்படியே ஒரு காபியும் குடித்துவிட்டு வரலாம்.